விலைக்கு வரி, நீளத்துக்கு வரி... புகைக்கு?

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் ஒரு பக்கம் நிலக்கரி இறங்குகிறது. இன்னொரு பக்கம் கார் ஏறுகிறது. 2001இல் இந்தத் துறைமுகம் திறக்கப்பட்டதே மின்வாரியத்துக்கு நிலக்கரி இறக்கத்தான். 2010 வாக்கில் கார் ஏற்றுமதியும் சேர்ந்துகொண்டது. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்த கார்கள் டிரெய்லர் லாரிகளில் வந்து, வரிசையாக நின்று, கப்பலின் வயிற்றுக்குள் தாங்களே ஓடிப்போய் உட்கார்ந்துகொள்கின்றன. கறுப்பாக உள்ளே வருவது ஒன்று, பளபளவென்று வெளியே போவது ஒன்று. இரண்டுக்கும் நடுவில் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அங்கே கார் வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கார் வரிக்கும் எண்ணூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். சம்பந்தம் இருக்கிறது. முதலில் அந்தக் கப்பலிலேயே ஏறிப் போகலாம்.

2011 வாக்கில் ஐரோப்பாவில் விற்ற நிஸான் மைக்ரா சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் செய்யப்பட்டு எண்ணூர் வழியாகப் போனது. அதில் ஒரு வகை, கிலோமீட்டருக்கு வெறும் 95 கிராம் கரியமில வாயுதான் விட்டது. ஏன் அப்படி ஒன்றைச் செய்தார்கள்? கம்பெனிக்குத் திடீரென்று பூமி மேல் பாசம் பொங்கிவிட்டதா? இல்லை. பிரிட்டனில் 2001 மார்ச்சிலிருந்தே கார் வரி கரியமில வாயுவின் கிராம் கணக்கில்தான். அப்போதிருந்த விதிப்படி 100 கிராமுக்குள் இருந்தால் சாலை வரியே கிடையாது. ஸ்ரீபெரும்புதூரில் செய்த ஹூண்டாய் ஐ10இலும் இதே காரணத்துக்காக 99 கிராமில் ஒரு வகை அங்கே விற்றது. 100 என்ற கோட்டுக்கு ஒரே ஒரு கிராம் கீழே! வரி எங்கே கோடு போடுகிறதோ, அங்கே கார் வந்து நிற்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

அதாவது தமிழ்நாட்டுத் தொழிலாளி கையால், தமிழ்நாட்டுத் தொழிற்சாலையில், கிராம் கணக்குப் பார்த்துக் கார் செய்ய முடியும். செய்தும் அனுப்பியாயிற்று. அந்தக் கார் ராயபுரத்துக்காரருக்கு விற்கப்படும்போது மட்டும் கிராம் என்ற பேச்சே எழுவதில்லை. லண்டனில் வாங்குகிறவருக்கு ஷோரூமிலேயே கிராம் அட்டை. வண்ணாரப்பேட்டையில் வாங்குகிறவருக்கு 'எவ்வளவு தரும்?' என்ற மைலேஜ் கேள்வியோடு சரி.

இங்கே வரி எப்படிப் போடுகிறார்கள்? தமிழ்நாட்டில் காருக்கு ஆயுள் வரி. வாங்கும்போது ஒரு தடவை கட்டினால் 15 வருஷத்துக்குக் கவலை இல்லை. 1974ஆம் வருஷத்து மோட்டார் வாகன வரிச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தப்படி, 5 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விலை, விலை, விலை. அவ்வளவுதான். 'பசுமை வரி' என்று ஒன்று உண்டு, பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம். அது வண்டியின் வயதுக்குப் போடும் சில்லறை. பழைய வண்டி எவ்வளவு விடுகிறது என்று அதுவும் கேட்பதில்லை.

ஒரு கணக்கு. 18 லட்ச ரூபாயில் இரண்டு கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று பெட்ரோல் ஹைப்ரிட், ஊருக்குள் லிட்டருக்கு 20 தருகிறது. இன்னொன்று இரண்டு டன்னை நெருங்கும் டீசல் எஸ்யூவி, 13 தருகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு, டீசல் என்றால் 2.7 கிலோ. வகுத்துப் பார்த்தால் முதல் கார் கிலோமீட்டருக்கு 115 கிராம், இரண்டாவது 207 கிராம். ஆயுள் வரி? இரண்டுக்கும் 3,24,000 ரூபாய். பைசா வித்தியாசம் இல்லை. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கக்குகிற வண்டியும் அதற்குப் பாதி கக்குகிற வண்டியும் ஆர்.டி.ஓ. கவுன்டரில் சமம். சமத்துவம் என்றால் இதுவல்லவா சமத்துவம்!

டெல்லி கணக்கு இன்னும் வேடிக்கை. அங்கே டேப் வைத்து அளக்கிறார்கள். 2006 பட்ஜெட்டில் சிதம்பரம் 'சின்ன கார்' என்பதற்கு ஓர் இலக்கணம் வகுத்து எக்சைஸ் வரியை 24இலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். 2008இல் டாடா இண்டிகோவின் வால் வெட்டப்பட்டு, 4 மீட்டருக்குள் அடங்குகிற இண்டிகோ சிஎஸ் ஆனது. 2012இல் மாருதி டிசையரின் டிக்கி கத்தரிக்கப்பட்டு 3,995 மில்லிமீட்டரில் வந்து நின்றது. மறைமலை நகரில் செய்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 3,999 மில்லிமீட்டர்! பின்னால் குட்டையாக, யாரோ கதவில் வைத்து நசுக்கியதுபோல் இந்தியத் தெருக்களில் ஓடுகிற அத்தனை செடான்களுக்கும் டிசைனர் யார் என்றால் நிதியமைச்சகம்தான்.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் இதில் பெரிய பாடம் இருக்கிறது. 'இந்தியாவில் வரியால் எல்லாம் எதுவும் மாறாது சார், வாங்குறவன் வாங்கத்தான் செய்வான்' என்று சொல்கிறவர்கள் உண்டு. ஒரு வரிச் சலுகை, ஒரு தேசத்துக் கார்களின் வாலையே வெட்டியிருக்கிறது. நீளத்துக்கு வரி போட்டால் நீளம் குறைகிறது. கிராமுக்கு வரி போட்டால் என்ன குறையும்?

ஜிஎஸ்டி வந்த பிறகும் டேப்பைக் கீழே வைக்கவில்லை. 4 மீட்டருக்கு மேல் நீளம், 1500 சிசிக்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் உயரம் இருந்தால் அது எஸ்யூவி, செஸ்ஸோடு சேர்த்து 50 சதவீதம் என்றார்கள். காரின் வயிற்றுக்குக் கீழே ஸ்கேல் வைத்து அளக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு அதன் பின்னால் வருவதை அளக்கத் தோன்றவில்லை. பிறகு 2025 செப்டம்பர் 22 முதல் இதையும் எளிமைப்படுத்தினார்கள். சின்ன காருக்கு 18, மற்றதற்கு 40, மின்காருக்கு 5. அதாவது 50 கட்டிய எஸ்யூவிக்குப் பத்து சதவீதப் புள்ளி தள்ளுபடி, 4 மீட்டருக்குள் அடங்கிய குட்டி எஸ்யூவிக்கு அதைவிட அதிகம். பேருந்தில் போகிறவருக்கு இந்தப் பண்டிகைப் பரிசில் என்ன கிடைத்தது என்று யாரும் கேட்கவில்லை.

'கஃபே விதி இருக்கிறதே, அது கார்பனைத்தானே பார்க்கிறது?' என்பார்கள், ஆட்டோமொபைல் படிக்கிற நண்பர்கள். இருக்கிறது. 2017இல் வந்தது. 2022 ஏப்ரலிலிருந்து இலக்கு கிலோமீட்டருக்கு சுமார் 113 கிராம். ஆனால் அது ஒரு காருக்கான எல்லை அல்ல, ஒரு கம்பெனி விற்ற எல்லாக் கார்களின் சராசரி. அதிலும் கனமான கார்களை விற்கிற கம்பெனிக்கு இலக்கு தளர்கிறது. அதிலும் ஒரு மின்காரை விற்றால் மூன்று காராக எண்ணிக்கொள்ளலாம். ஒரு மின்காரைக் காட்டி நாலு எஸ்யூவியை மறைக்கலாம் என்று இதற்கு அர்த்தம். வாங்குகிறவருக்கோ இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது, அவர் பர்ஸில் அது படவும் படாது. 2024-25இல் நாட்டில் விற்ற சுமார் 43 லட்சம் பயணிகள் வாகனங்களில் நூற்றுக்கு 65 எஸ்யூவி வகையறா. விதி வேலை செய்யும் லட்சணம் இது. ஒரே ஒரு நல்ல காரியம் என்னவென்றால், ஒவ்வொரு மாடலும் எத்தனை கிராம் என்று தெரியாமல் அந்தச் சராசரியைப் போட முடியாது. ஆகவே கிராம் கணக்கு அரசாங்கத்திடம் ஏற்கெனவே இருக்கிறது. 'அளப்பது கஷ்டம்' என்ற சாக்கு செல்லாது.

பொருளாதார வகுப்பில் பிகூ என்று ஒரு பெயர் வரும். ஆர்தர் பிகூ, 1920இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் சொன்னார்: ஒருவன் செய்கிற காரியத்தால் அடுத்தவனுக்கு வரும் நஷ்டத்தை அவன் கணக்கிலேயே ஏற்று. பரீட்சைக்கு ஐந்து மார்க். அதைத் தமிழ்நாட்டுக் கார் வரியில் தேடினால் பூஜ்யம் மார்க்.

இங்கே ஒரு கேள்வி வரும். பெட்ரோல், டீசலுக்குத்தான் அவ்வளவு வரி போடுகிறார்களே, எரிப்பதற்கேற்ற வரி அதுதானே, இன்னொன்று எதற்கு? நியாயமான கேள்வி. பெட்ரோல் வரி கார்பன் வரி மாதிரிதான் வேலை செய்கிறது. ஆனால் அதை யார் கட்டுகிறார்கள்? காலை ஏழு மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலையில் நின்று பார்த்தால் தெரியும். திருவொற்றியூரில் 1955லிருந்து புல்லட் செய்த பேக்டரி, எண்ணூரில் 1948லிருந்து அசோக் லேலண்ட், டயர் கம்பெனி, உரக் கம்பெனி என்று ஷிஃப்டுக்கு ஓடுகிறவர்களில் பெரும்பாலானோர் பைக்கில். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகிற கான்ட்ராக்ட் தொழிலாளியின் சம்பளத்தில் பெட்ரோல் ஒரு பெரிய பங்கு. 25 லட்சத்துக்குக் கார் வாங்குகிறவருக்கு அது கைச்செலவு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தபோது பைக்காரர்களைச் சொல்லித்தான் குறைத்தது. சரியான முடிவு. அதே மூன்று ரூபாய் எஸ்யூவிக்காரருக்கும் குறைந்ததே, அவரை எங்கே பிடிப்பது? கார் வாங்குகிற இடத்தில்தான். புதுக் கார் வாங்குகிற இடத்தில் ஏழை நிற்பதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் நூற்றுக்கு எட்டு வீடுகளில்தான் கார்.

இப்போது எண்ணூருக்குத் திரும்பலாம். ஏனென்றால் இந்த வாதத்தைத் தூக்கிப்போட்டு உடைக்கக்கூடிய பெரிய கல் அங்கேதான் கிடக்கிறது.

எண்ணூரைச் சுற்றி வடசென்னை அனல்மின் நிலையம் இரண்டு கட்டங்களாக 630, 1,200 மெகாவாட். வல்லூரில் 1,500. 2024 மார்ச்சில் வடசென்னை மூன்றாம் கட்டம் 800. நாலாயிரம் மெகாவாட்டுக்கு மேல் நிலக்கரி. (1970இல் வந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அது ஒன்று போய்ச் சேர்ந்ததற்குள் மற்றவை வந்து உட்கார்ந்துவிட்டன.) வல்லூரில் ஒரே ஒரு 500 மெகாவாட் எந்திரம் முழு அளவில் ஒரு நாள் ஓடினால் சுமார் 11,000 டன் கரியமில வாயு. ஒரு கார் வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், 130 கிராம் வீதம் ஓடினால் ஒன்றரை டன் சொச்சம். அதாவது அந்த ஒற்றை எந்திரத்தின் ஒரு நாள், ஏழாயிரம் கார்களின் ஒரு வருஷம். 'யானையை விட்டுவிட்டுப் பூனையைப் பிடிக்கிறீர்கள்' என்று கார்க்காரர் சொன்னால் கோபப்பட முடியாது.

ஆனால் கணக்கை அங்கேயே நிறுத்தக் கூடாது. கார் ஒரு நாள் ஓடி நிற்பதில்லை. அதே ஒன்றரை டன் சொச்சம், பதினைந்து வருஷம், வருஷத்துக்கு 43 லட்சம் புதுக் கார். பெருக்கினால், ஒரே வருஷத்து விற்பனை தன் ஆயுளில் விடப்போவது சுமார் பத்துக் கோடி டன். வல்லூர் எந்திரம் ஒன்று இருபத்தைந்து வருஷம் நிற்காமல் ஓடினால் வருகிற அளவு அது. அடுத்த வருஷம் இன்னொரு பத்துக் கோடி. பூனை இவ்வளவு வளருமா?

அந்த யானையும் இந்தப் பூனையும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன என்பதுதான் இன்னொரு விஷயம். மின்கார் வந்துவிட்டதே! தமிழக அரசு 2020 நவம்பரில் மின்வாகனங்களுக்கு 100 சதவீத வரிவிலக்கு கொடுத்தது, பிறகும் நீட்டித்தது. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் கொடுத்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கோடி ரூபாய் மின்காருக்கும் அதே பூஜ்யம். 6 லட்சத்துக்குச் சின்ன பெட்ரோல் கார் வாங்கும் திருவொற்றியூர் வாத்தியார் 78,000 ரூபாய் ஆயுள் வரி கட்டுகிறார். ஒரு கோடிக்கு மின்கார் வாங்கும் போட் கிளப் கனவான் ஒன்றும் கட்ட வேண்டாம், ஏனென்றால் அவர் காரில் புகைபோக்கி இல்லை.

புகைபோக்கி இருக்கிறது ஐயா. அத்திப்பட்டில் இருக்கிறது. வல்லூரில் இருக்கிறது. இந்தியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு. கனமான மின்கார் நூறு கிலோமீட்டருக்கு 20 யூனிட் குடித்தால் கிலோமீட்டருக்கு 140 கிராம். சின்ன மின்கார் 12 யூனிட்டில் ஓடினால் 84 கிராம். பெட்ரோலுக்கும் மணலி சுத்திகரிப்பு ஆலையில் தொடங்கி வருகிற கார்பனைச் சேர்க்க வேண்டும் என்பார்கள். சேர்க்கட்டும், சேர்த்தால் மின்கார் இன்னும் நன்றாகவே தெரியும். மின்கார் கெட்டது என்பதல்ல வாதம். அதற்கும் கிராம் உண்டு, அந்தக் கிராம் யாரோ ஒருவர் தலையில் விழுகிறது என்பதுதான் வாதம். அந்த மின்சாரம் முழுக்க எண்ணூரிலிருந்து வருவதில்லை, எங்கெங்கிருந்தோ வந்து கலக்கிறது. ஆனால் எண்ணூரின் பங்கு அதில் உண்டு. செப்பாக்கத்தில் சாம்பல் குளத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கும், சாம்பல் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் சேறாகப் படிந்த இடத்தில் இறால் தேடிக் கைவிட்டவருக்கும் அந்தப் பூஜ்யம் பூஜ்யமாகத் தெரியாது. அடையாற்றின் காற்றைச் சுத்தம் செய்து அழுக்கை எண்ணூருக்கு அனுப்புவதற்கு வரிவிலக்கு என்ற பரிசு வேறு.

வடசென்னைக்கு இது புதிதில்லை. 2011இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாள்வது நின்றது. ராயபுரம் பக்கம் வீடுகளில் படிந்த கரித்தூசிக்கு விடிவு வந்தது. நிலக்கரி எங்கே போனது? எண்ணூருக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் முகத்துவாரத்தில் படகையும் வலையையும் பூசியது. கூழைக்கடாக்களின் இறகில்கூட எண்ணெய். அதே மாதம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஊருக்கு வேண்டிய பெட்ரோல், மின்சாரம், உரம் எல்லாம் இங்கிருந்து போகும். அதன் கழிவு இங்கேயே தங்கும்.

சரி, வேலை போய்விடும் என்ற பூச்சாண்டிக்கு வருவோம். கார் மேல் கை வைத்தால் சென்னையின் வாகனத் தொழிலே படுத்துவிடும் என்று ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்னும் சொல்லுவார்கள். ஃபோர்டு 2022இல் மறைமலை நகர் ஆலையில் உற்பத்தியை நிறுத்தியதே, கார்பன் வரிக்குப் பயந்தா? அப்படி ஒரு வரியே இங்கே இல்லை. மாறாக, கிராம் வரி போட்ட நாடுகளுக்கு ஏற்றுமதி செய்துதான் ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் 95 கிராம் கார் செய்யக் கற்றுக்கொண்டன. வெளிநாட்டு வரிக்குத் தாக்குப்பிடிக்கிற தொழில் உள்நாட்டு வரிக்குச் செத்துவிடுமா?

வெளியூர்க்காரர்கள் செய்த தப்புகளும் உண்டு, அதையும் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. பிரான்ஸ் 2008இல் குறைந்த கிராம் காருக்குப் பரிசு, அதிக கிராம் காருக்கு அபராதம் என்று கொண்டுவந்தது. ஜனங்கள் பரிசுக் கார்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அபராத வசூல் பரிசுக்குப் போதவில்லை, கஜானாவில் ஓட்டை. கார் மலிவானதால் மொத்த விற்பனையும் ஏறியது. அயர்லாந்து அதே வருஷம் ஜூலையில் வரியை முழுக்கக் கிராமுக்கு மாற்றியது. டீசலுக்கு மைலேஜ் அதிகம், கிராம் குறைவு, ஆகவே புதுக் கார்களில் கால்வாசியாக இருந்த டீசல் சில வருஷங்களில் எழுபது சதவீதத்தைத் தாண்டியது. டீசலின் நைட்ரஜன் ஆக்சைடு நுரையீரலுக்குப் போயிற்று. பக்கத்தில் இலங்கை 2019இல் வாகனங்களுக்குக் 'கார்பன் வரி' என்றே பெயர் வைத்து ஒன்று போட்டது. எஞ்சின் சிசிக்கும் வண்டி வயதுக்கும் போட்ட வரி அது, பெயரில் மட்டும்தான் கார்பன். ஆட்சி மாறியதும் தூக்கிவிட்டார்கள், யாரும் அழவில்லை. சிங்கப்பூர்தான் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. 2013இல் கரியமில வாயுவை மட்டும் பார்த்துத் தொடங்கி, 2018இலிருந்து நைட்ரஜன் ஆக்சைடு, நுண்துகள் எல்லாவற்றையும் சேர்த்து, ஐந்தில் எது மோசமோ அதை வைத்து வரி போடுகிறது. பிரிட்டனும் 2025 ஏப்ரலிலிருந்து மின்காரைச் சாலை வரிக்குள் கொண்டுவந்துவிட்டது.

ஆகவே இங்கே வேண்டியது பரிசும் அல்ல, பெயர்ப்பலகையும் அல்ல. ஒரு மாதிரி வைத்துப் பார்க்கலாம். எல்லாக் காருக்கும் விலையில் 8 சதவீதம். 120 கிராமைத் தாண்டினால் ஒவ்வொரு கிராமுக்கும் 2,500 ரூபாய். மின்காருக்கும் மின்சாரத்தின் கிராமை வைத்து அதே அளவுகோல். டீசலுக்கு நைட்ரஜன் ஆக்சைடுக்காகத் தனிக் கூடுதல். மேலே சொன்ன 18 லட்ச ஹைப்ரிட் 3,24,000க்குப் பதில் 1,44,000 கட்டும். அதே விலை டீசல் எஸ்யூவி 3,61,500, நைட்ரஜன் கூடுதல் தனி. 6 லட்ச ரூபாய் பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 தந்தால் 128 கிராம். அந்த வாத்தியார் 78,000க்குப் பதில் 68,000 கட்டுவார். 25 லட்ச ரூபாய் கனத்த மின்கார் பூஜ்யத்துக்குப் பதில் 2,50,000. சின்ன மின்காருக்கு அந்த 8 சதவீதத்தைக்கூட விட்டுக்கொடுக்கலாம், யாரும் வருத்தப்படப் போவதில்லை. இதில் ஒரு லாபமும் உண்டு. மின்சாரம் சுத்தமாக ஆக ஆக மின்காரின் கிராம் தானாகக் குறையும், வரியும் குறையும். அப்போது வல்லூர் புகைபோக்கியைப் பற்றி போட் கிளப்பும் கவலைப்பட ஆரம்பிக்கும். எண்ணூர்க்காரர் மட்டும் கத்திக்கொண்டிருந்தால் யார் காதில் விழுகிறது?

எண்கள் மேலே கீழே போகலாம், அதற்குத்தான் நிதித்துறையில் சம்பளம் கொடுத்து ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் வசூலாகிற பணம் பொது கஜானா என்ற கிணற்றுக்குள் விழக் கூடாது. மெட்ரோ ரயில் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்தது, அதோடு சரி. எண்ணூருக்கு இன்னும் மின்சார ரயில்தான், கும்மிடிப்பூண்டி வண்டி. அது விட்டால் மாநகரப் பேருந்து. 2021 மேயிலிருந்து சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மீன் கூடையோடு காசிமேட்டிலிருந்து ஏறுகிற அம்மாவுக்கு அது பெரிய விஷயம், ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்? கார் வாங்குகிறவரிடம் கிராமுக்கு வாங்குகிற பணத்தில் முதல் பங்கு அந்த ரூட் பஸ்களுக்குப் போக வேண்டும். இரண்டாவது பங்கு கொசஸ்தலையாற்றில் படிந்த சாம்பலை அள்ளுவதற்கு.

முடியாது, ரொம்பச் சிக்கல் என்று சொல்லுவார்கள். 2023இல் ஆயுள் வரி விகிதங்களை மாற்ற அரசுக்குத் தேவைப்பட்டது 1974 சட்டத்துக்கு ஒரு திருத்தம், அவ்வளவுதான். அன்றைக்கு அட்டவணையில் விலைக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு அதில் கிராமை எழுதியிருக்கலாம். இடம் இருந்தது.